ஆத்தாவின் பலாப்பலகைகள்

எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் கண்மாய்க்குள் இருந்தது. வெளியூரில் யாரிடமாவது இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கண்மாயின் மேற்கு ஓரத்தில், தண்ணீர் பிடிக்கும் பரப்புக்குள்ளேயே, செம்புறாங்கல் மேடு ஒன்று உண்டு. கோடையில் கருவேல மரங்களுக்கு இடையே நடந்தே போய்விடலாம். மழை பிடித்துக் கண்மாய் நிறைந்துவிட்டால் மேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர்தான். அங்கே கல்லறை வைக்கலாம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியாது. நிச்சயமாக ஒரு சித்திரை மாதத்தில்தான் சொல்லியிருப்பார்.

மழைக்காலத்தில் செத்தவர்களை ஒரு காலத்தில் கரைக்கு இந்தப் பக்கம், மிச்சத் தண்ணீர் வழியும் கலிங்குக்கு அருகில் புதைத்திருக்கிறார்கள். புருஷன் மேட்டில் கிடப்பான், பெண்டாட்டி கலிங்கடியில் கிடப்பாள். பிறகு ஊருக்கு ஒரு வள்ளம் வந்தது. கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் பழசாகி ஒதுக்கிப் போட்டிருந்த சின்ன வள்ளத்தை அப்போதைய பங்குச் சாமியார் கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடலையே பார்த்திராத ஊர் எங்களுடையது. வண்டிக்குப் பின்னால் குஞ்சு குளுவான் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு வந்ததாம்.

அந்த வள்ளம் வந்ததற்குக் காரணம் என் அண்ணன். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனை மேட்டில் புதைத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஆத்தா தினமும் சாயங்காலம் கரைமேல் போய் நின்றாளாம். அவள் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சாமியார் வள்ளத்துக்கு ஏற்பாடு செய்தார் என்று அப்பா சொல்வார். நான் பிறந்தது அதற்கப்புறம்.

செத்துப்போன ஒருவனோடு போட்டி போட்டு வளர்வது பெரிய கொடுமை. அவன் பாலைக் கொட்டமாட்டான். எதிர்த்துப் பேசமாட்டான். கணக்கில் தப்பு விடமாட்டான். நான் வகுப்பில் முதலாவதாக வந்த செய்தியைச் சொன்னபோதுகூட, "அவன் இருந்தா இந்நேரம்" என்றுதான் ஆத்தா ஆரம்பித்தாள். கல்லறைத் திருநாளன்று என் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்து, "அண்ணனுக்கு நீயே போயி ஏத்து" என்பாள். நான் மேட்டின் மறுபக்கம் போய், கேட்பாரில்லாத ஏதாவது பழைய குழியில் நட்டு ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது.

அப்பா எங்கள் சின்னக் கோயிலின் கோயில்பிள்ளை. விவசாயம் போக மற்ற நேரத்தில் மணியடிப்பது, பீடத்தைத் துடைப்பது, ஆவூர்ப் பக்கத்திலிருந்து சாமியார் சைக்கிளில் வரும் நாளில் பூசைக்கு எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தூம்பாவும் அவர் பொறுப்புதான். தூம்பா என்பது ஊருக்குப் பொதுவான சவப்பெட்டி. கருப்புச் சாயம் பூசி, மேலே வெள்ளைச் சிலுவை போட்டிருக்கும். செத்தவர்களை அதில் வைத்துத் தூக்கிப் போய், குழிக்கருகே துணியோடு வெளியே எடுத்து இறக்கிவிட்டு, வெறும் தூம்பாவைத் திரும்பக் கொண்டுவந்து கோயிலின் பின்கட்டில் வைத்துவிடுவார்கள். சொந்தமாகப் பெட்டி செய்கிற வசதி எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

ஆத்தாவுக்கு அந்தத் தூம்பாவைக் கண்டாலே ஆகாது. கோயிலைக் கூட்டப் போனால் பின்கட்டைத் தவிர மற்ற இடத்தைக் கூட்டுவாள். "திரும்பித் திரும்பி வர்ற பொட்டி அது. எல்லாரையும் எறக்கிப்புட்டு மறுபடியும் வந்து, அடுத்தது யாருன்னு பாத்துக்கிட்டுக் கெடக்கும். அதுல நான் போகமாட்டேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்" என்பாள். வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் கிணற்றடிப் பலா ஒன்று காற்றில் சாய்ந்தபோது, தனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அதன் பலகைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மஞ்சள் மஞ்சேளென்று நல்ல அகலமான பலகைகள். அவை எங்கள் அடுப்புக்கு மேலே மச்சில் புகை குடித்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடந்தன. என் ஆத்தாவின் சவப்பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் கஞ்சி குடித்து வளர்ந்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் சில வருஷம் எங்கள் பக்கம் மழையே இல்லை. கண்மாய் ஆடு மேய்கிற பொட்டலாகிவிட்டது. செத்தவர்களை நடந்தே கொண்டுபோனோம். கண்மாய்க்கரைப் பூவரசு மரத்தடியில் கிடந்த வள்ளத்தை எல்லோரும் மறந்தார்கள். மல்லாந்து கிடந்த வள்ளத்துக்குள் பூவரசு இலை கொட்டிக்கொண்டே இருந்தது. எப்போதாவது பெய்கிற தூறலில் அது ஊறிக்கொண்டும் இருந்தது.

நான் அப்போது கறம்பக்குடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். ஒரு புரட்டாசியில் ஆத்தாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தது. புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நெஞ்சு பலவீனம் என்றார்கள். மருந்து கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நான் வந்து சேர்ந்த வாரத்தில், இத்தனை வருஷமாக எங்கே போயிருந்ததோ தெரியாத மழையும் வந்து சேர்ந்தது.

அடித்துக் கொட்டியது. கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தது. செம்புறாங்கல் மேடு தண்ணீருக்கு நடுவே நின்றது. ஆத்தா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வள்ளம் எப்புடி இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். பூவரசடியில் வள்ளத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதன் அடிப்பலகையில் ஒரு பூவரசங்கன்று முளைத்து இடுப்பளவு நின்றது. நான் சிரட்டையால் அள்ளினேன். இலைமக்கோடு சேர்ந்து பலகையும் ஊறிய அவல் போலக் கையோடு வந்தது. அதில் மண்புழு நெளிந்தது. பக்கப் பலகைகள் மட்டும் கெட்டியாக இருந்தன. அடிப்பகுதி முழுக்கப் போயிருந்தது.

"மணியடிக்கத் தெரியுது, பீடம் தொடைக்கத் தெரியுது. ஒரு வள்ளத்தக் கவுத்து வைக்கத் தெரியலையா அப்பா?"

"மழையே இல்லாத ஊருல வள்ளத்த யாரு நெனைச்சா?" என்றார் அப்பா. பிறகு குனிந்து அந்தக் கன்றைப் பிடுங்கினார். வேரோடு ஒரு பலகைத் துண்டும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஆத்தா இந்த மழைக்காலத்துக்குள் போய்விட்டால் கலிங்கடிதான். அவள் மகனுக்கும் அவளுக்கும் நடுவே கண்மாய் கிடக்கும். அப்பா நினைத்தது அதைத்தான்.

ஊர் ஆசாரியைக் கூப்பிட்டோம். கலப்பை, கதவு, வண்டிச்சக்கரம் என்று எல்லாம் செய்கிறவர். அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே கூட்டாளி. வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "அடிய முழுசாப் புதுசாப் போடணும். பலகை எங்க?" என்று கேட்டார். பலகைதான் இல்லை. மழையில் வண்டிப்பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. டவுனிலிருந்து மரம் ஏற்றி வர வழியில்லை. அப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து வேப்பம்பலகைகளை இழுத்து வந்து போட்டார். ஆசாரி ஒன்றை எடுத்துத் தட்ட, உள்ளேயிருந்து மாவு கொட்டியது. இரண்டு பேரும் எங்கள் வாசலில் நின்று, அந்தப் பலகை ஆகுமா இந்தப் பலகை ஆகுமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஆத்தா கூப்பிட்டாள். "என்னங்க, மச்சுல என் பலகை கெடக்குல்ல?"

"அது கெடக்கட்டும்" என்றார் அப்பா.

"கெடந்து என்ன செய்யப் போவுது? பொட்டி மட்டும் இருந்தா அது பாட்டுக்கு நீந்திப் போயிருமா அங்கிட்டு? எறக்குங்க."

"அப்புறம் ஒனக்குப் பொட்டி?"

"பொட்டி கெடக்கட்டும். எனக்கு எடந்தான் முக்கியம்."

குடித்தனம் மாறுகிற மாதிரி பேசிக்கொண்டார்கள். ஆசாரியும் தலையாட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு பேரும் கூடி நாள் குறிக்கிறீங்களா?" என்று கத்தினேன். ஆத்தா பக்கம் திரும்பி, "ராத்திரி பகலா இங்கிட்டு ஒருத்தி ஒனக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கா. அவளப் பத்தி ஒரு பேச்சு உண்டா? எந்நேரமும் அங்கிட்டுக் கெடக்குறவன் பேச்சுதான்" என்றேன். ஆத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் கஞ்சி குடிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மச்சிலிருந்து பலகைகளை இறக்கினோம். புகையில் கருத்திருந்தாலும் இழைப்புளி பட்டதும் உள்ளேயிருந்து அந்தப் பழைய மஞ்சள் வந்தது. ஆசாரிக்கு ஒரே சந்தோஷம். வாழ்நாளில் இப்படிக் காய்ந்த மரம் கைக்குக் கிடைத்ததில்லை என்றார். பழைய அடிப்பலகையைப் பேர்த்து எடுத்துவிட்டு, பலாப்பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கி, கதவுக்குப் பொருத்துவது போலவே பொருத்தினார். கோவணத்தோடு மழைத் தூறலில் உட்கார்ந்து சீவினார், தட்டினார், மறுபடி சீவினார். "ரெண்டு பலகைக்கு நடுவுல ஒரு எறும்பு போக எடமிருந்தா, அப்புறம் என்னைய ஆசாரின்னு கூப்புடாதீங்க" என்றார். சுத்தியல் சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ஆத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால் கண்ணைத் திறந்து, "என்ன, வெத்தலை போடுறாரா?" என்பாள்.

வேலை முடிந்ததும் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆசாரி உள்ளே ஏறி நின்று குதித்துக் காட்டினார். அப்பா கோயிலுக்குப் போய்க் காரணமே இல்லாமல் மணியடித்துவிட்டு வந்தார். வள்ளத்தைக் கரையில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தோம்.

காலையில் போய்ப் பார்த்தால் வள்ளத்தின் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இழுத்துக் கரையேற்றித் தண்ணீரை இறைத்தபோது, அடிப்பலகைகள் நடுவில் அப்பளம் போல உப்பிக்கொண்டு நின்றன. ஆணிகள் பிதுங்கியிருந்தன. அடுப்புப் புகையில் இத்தனை வருஷம் காய்ந்த மரம் தண்ணீரைக் கண்டதும் குடித்திருக்கிறது. குடித்துப் பருத்த பலகைக்கு விரிய இடமில்லை. அதனால் மேலே எழும்பிவிட்டது. எறும்பு போக இடம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

ஆசாரி தலையில் கை வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சக்கரம் காஞ்சு கழண்டா, தண்ணியில போட்டு ஊற வச்சு இறுக்குறவன் நானு. வருஷம் பூரா அதத்தான் செய்யிறேன். கதவு மாதிரியே நெனைச்சுப்புட்டேனே, இது தண்ணிக்குள்ள கெடக்குற சாமானுன்னு தோணலையே" என்று புலம்பினார். திட்டலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பிதுங்கிய ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்குத்தான் ஆத்தாவுக்கு மூச்சு மிகவும் மோசமானது. படுக்கவும் முடியவில்லை. என் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். ஆள் விட்டுச் சாமியாரைக் கூட்டி வந்தோம். சேறும் சகதியுமாக வந்து சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டு, அப்பாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா வந்து ஆசாரியிடம் மெதுவாக, "ஒருவேளை இன்னைக்கே ஆயிருச்சுன்னா" என்று ஆரம்பித்தார். அது என் காதில் விழுந்தது. ஆத்தாவின் காதிலும் விழுந்தது.

"பலகைய ஊறப் போடுங்க. நான் இருக்கேன்" என்றாள் ஆத்தா.

பலகைகளைப் பேர்த்தெடுத்து, கண்மாய்த் தண்ணீரில் போட்டு மேலே கல் ஏற்றினார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். பலகை ஊறுகிறவரை ஆத்தா உயிரோடு இருக்கவேண்டும். உயிரோடு இருக்கிறவளுக்கு இந்தப் பலகை எதற்கு? அந்த நாட்களில் இந்தக் கேள்வியைப் போட்டு மனசுக்குள் பிசைந்துகொண்டிருந்தேன். பயம்தான் இருந்தது. ஆத்தா தினமும் விடிந்ததும் முதல் வேலையாக, "ஊறிருச்சா?" என்பாள். அரிசி ஊறிவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்பாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் இல்லை என்று சொல்வேன். ஒரு நாள் ஊறிவிட்டது என்று தெரிந்தும், இல்லை என்றே வந்து சொன்னேன். ஊறிவிட்டால் போய்விடுவாளோ என்று இருந்தது.

ஆனால் ஆசாரிக்குக் கண் இருந்ததே. அவர் வந்து எடுத்து, ஈரத்தோடேயே பொருத்தினார். இந்த முறை இடம் விட்டார். சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் கடற்கரைக்காரர் ஒருவர் சொன்னபடி, இடுக்கில் தேங்காய் நாரைத் திரித்துத் திணித்தோம். குங்கிலியத்தை இடித்து இலுப்பை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசினோம். அந்த வேலையை நான்தான் செய்தேன். கை விரலெல்லாம் பிசின் ஒட்டிக்கொண்டு போகாமல் கிடந்தது. வாசனை வீடு வரைக்கும் போயிருக்கிறது. "கோயில் மாதிரி மணக்குது" என்று ஆத்தா சொன்னாளாம்.

வள்ளம் நின்றது. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் நின்றது. ஆத்தாவும் நின்றுவிட்டாள். எப்படியென்று வைத்தியருக்கே தெரிந்திருக்காது. மார்கழி பிறக்கும்போது கால் வீக்கம் வடிந்து, சாய்ந்தபடி உட்கார்ந்து வெற்றிலை கேட்டாள். ஆசாரி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "இம்புட்டுப் பாடுபட்டேன். தங்கச்சி நம்மள ஏமாத்திப்புடுச்சே" என்றார். ஆத்தா சிரித்ததை அந்த மழைக்காலத்திலேயே அப்போதுதான் பார்த்தேன். அதற்குள் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் இறந்து, அவரை அந்த வள்ளத்தில்தான் கொண்டுபோய் அவர் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு மழைக்காலத்தில் மேட்டுக்குப் போன முதல் ஆள் அவர்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நல்ல வெயில் நாளில் ஆத்தா சொன்னாள்: "என்னைய அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே. செத்த பெறகு போனா நான் என்னத்தப் பாக்கப் போறேன்?"

அப்பா மூங்கில் கழியால் வள்ளத்தைத் தள்ளினார். நான் அடிப்பலகையில் உட்கார்ந்து ஆத்தாவை மடியில் சாய்த்துக்கொண்டேன். பலகையைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து, "இது கெணத்துப் பக்கத்துக் கிளை. இதுலதான் ஊஞ்சலு கட்டுவோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுவும் திரும்பி வர்ற பொட்டிதாண்டி" என்றாள்.

"ஒனக்குப் பிடிக்காதே" என்றேன்.

"இது வெறுமனே வரல. பாக்கப் போன சனத்தக் கூட்டிக்கிட்டுல்ல திரும்பி வருது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எனக்காக இதத் திரும்பப் பேக்க விடாத. நான் தூம்பாவுலயே போயிக்கிறேன்" என்றாள். எத்தனை கஷ்டப்பட்டு அதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

மேட்டில் அப்பாவும் நானும் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அண்ணனின் குழியில் ஒரு சின்ன மரச்சிலுவை. ஆத்தா அதன் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பிடுங்கினாள். அப்பா வள்ளத்தைக் கட்டிவைக்கப் போயிருந்தார்.

"இவன் ஒரு நாளும் தனியாப் படுத்ததில்லடி" என்றாள். "என் சீலை நுனிய வெரல்ல சுத்திக்கிட்டாத்தான் தூக்கம் வரும். அந்த வெரல அவுத்துப்புட்டுத்தான் காலையில நான் எந்திரிக்கணும். இங்க கொண்டாந்து வச்சுட்டுப் போனோம். மறுநாளே மழை. கரையில நின்னா இந்தச் சிலுவை தெரியும். வர முடியாது. எப்புடிடி கெடக்கும் பிள்ளை, தனியா?"

நானும் குனிந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

"ஒனக்கு அண்ணேன்னுதான் சொல்லுறோம். ஆனா அவன் நாலு வயசுப் பய. நீ அப்புடியா? பஸ்ஸுல தனியா வார, போற. பள்ளிக்கூடம் நடத்துற. அப்பாவையே அதட்டுற. நான் இல்லாட்டியும் நீ இருந்துக்குவ. அவனுக்குத் தெரியாது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் இருந்துகொள்வேன் என்று இவளுக்கு யார் சொன்னது? கறம்பக்குடி அறையில் விளக்கை ஏற்றிவிட்டுத் தனியாகச் சோற்றைப் பிசையும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியுமா? கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் எனக்குச் சொன்ன ஒரே பாராட்டு அது. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமேயாவது மெழுகுவத்திய இங்கன ஏத்து. ஊரான் குழியில கொண்டுபோயி ஏத்தாத."

அத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பொங்கலுக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். பங்குனியில், தவக்காலத்தில், பள்ளிக்கூட வாசலுக்கு பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து என்னை விசாரித்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாளாம். நான் வீடு போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, நல்ல சேலை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். கையில் செபமாலை சுற்றியிருந்தது. கை சில்லென்று இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் கத்தி அழுதேன்.

கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடை முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டிருந்தது. மேடு வரைக்கும் வெடித்த மண். நடந்தே போகலாம். வள்ளம் பூவரசடியில் சும்மா கிடந்தது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா வாசலில் தூம்பாவை வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாச் சாவுக்கும் துடைப்பது போலத்தான் துடைத்தார். ஆனால் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ஆசாரி கடப்பாரையோடு நின்றார்.

"அதுல வேணாம்பா" என்றேன்.

"அவளே சொல்லிட்டாம்மா, தூம்பாவுலயே போறேன்னு."

"சொன்னா. பிடிச்சா சொன்னா?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பலகையப் பேத்துப் பொழுதுக்குள்ள பொட்டியாக்கிருவேன்" என்றார் ஆசாரி.

"பேக்கவும் கூடாது. அதையும் சொல்லியிருக்கா" என்றேன்.

"அப்புறம் என்னதாம்மா செய்யச் சொல்லுற?" அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டார். கோயில்பிள்ளையாக இத்தனை வருஷம் இருந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"இந்த ஊருக்கு வள்ளம் எதுல வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வண்டியில."

"அப்ப வண்டியப் பூட்டுங்க."

ஆசாரி கடப்பாரையை வேலியோரம் சாய்த்து வைத்துவிட்டு ஆள் கூப்பிடப் போனார். ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் சேர்ந்து வள்ளத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஆத்தாவைக் கொண்டுவந்து அந்தப் பலாப்பலகையின் மேல் படுக்க வைத்தோம். கோடையில் காய்ந்து பலகைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருந்தது. அதன் வழியே வண்டியின் அடித்தட்டு தெரிந்தது. இது ஊர் வழக்கம் இல்லை என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். சாமியார் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, வள்ளத்தின் மேல் தீர்த்தம் தெளித்து, நடங்கள் என்று கையைக் காட்டினார்.

கண்மாய்க்குள் வண்டி இறங்கியது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் புழுதி எழும்பியது. அப்பா கைமணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வள்ளம் ஆடியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எங்கள் எல்லார் தலைக்கும் மேலே ஆத்தா போனாள்.

அண்ணனுக்குப் பக்கத்தில் துணியோடு இறக்கினோம். குழி மூடியபிறகு, வெறும் வள்ளத்தோடு வண்டி திரும்பி வந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் ஆட்களை வைத்துப் பூவரசடியில் அதை இறக்கினார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். ஓலையைப் பரப்பி மேலே மூடினார்.

அந்த வருஷம் ஐப்பசியில் கண்மாய் மறுபடி நிறைந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன்பே அப்பாவும் ஆசாரியும் வள்ளத்தைத் தண்ணீரில் மூழ்கப் போட்டு, பலகை ஊறிச் சேர்ந்தபின் எடுத்து இறைத்து வைத்திருந்தார்கள். நான் கறம்பக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஊர்ச்சனம் முறை வைத்து ஏறிப் போய் வந்தது. என் முறையில் நானும் ஏறி, ஊஞ்சல் முடிச்சு இருந்த பலகையில் உட்கார்ந்து போனேன்.

மேட்டில் காற்று அடித்தது. என்னிடம் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. இரண்டு சிலுவைகளுக்கும் நடுவே மண்டி போட்டு, காற்றுக்குக் கையை அணைத்து வைத்துக்கொண்டு, முதலில் அண்ணனுக்கு ஏற்றினேன். அவன் சின்னப் பயல். காத்திருக்கத் தெரியாது.